திங்கட்கிழமை

திங்கட்கிழமைகளில் அரண்மனை கிடையாது என்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
பத்மநாபபுரத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால்
ஓசூரிலிருந்து வந்த மூன்று பேர்,
ஒரு தண்ணீர் பாட்டில், பாதிப் பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ்.
ஆட்டோக்காரர் ஜெபமணிதான் இரங்கினார்:
"ராஜா வீடு இல்லேன்னா என்ன,
ராணி வீடு ஒண்ணு ஆளூர்ல கெடக்கு, ஏறுங்க."

ராணி என்றது ஆளூர் நீலாவதியை. வில்லுப்பாட்டு.
எனக்கு அந்தப் பெயர் தெரியாது.
என் கணவருக்கும் தெரியாது,
தெரிந்ததுபோல் தலையாட்டினார்.
ஜெபமணி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர்.
பதினாறு வயதில் சுவரேறிக் குதித்து
அம்மன் கொடையில் விடியவிடிய உட்கார்ந்ததையும்
விடிந்தபின் அப்பனிடம் வாங்கியதையும்
வில்லுக்குறி தாண்டும்வரை சொன்னார்.
அடியைச் சொல்லும்போது மட்டும் வண்டி மெதுவாகப் போயிற்று.

பெரியவர்களுக்கு இருபது, பிள்ளைக்குப் பத்து.
டிக்கெட் கிழித்தவர் மருமகன் சுயம்பு.
போர்ட்டிகோவில் செங்கல்மேல் ஒரு வெள்ளைக் கான்டெஸா.
டயர் இல்லாத அந்த வண்டி ஓடிய தூரத்தை
அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்,
கிலோமீட்டரில் இல்லை, கொடைகளில்:
ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.

முன்னறையில் ஃபைபர் சிலை.
திறந்த வாய்க்குள் பல் இல்லை,
அதற்குள் காசு தீர்ந்துவிட்டதாம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் வில்,
ஒவ்வொரு மணிக்கும் ஒரு நம்பர்.
சுவர் நிறையக் கேடயம்.
ஷார்ஜாக்காரர்கள் கொடுத்த தங்க நிறக் கேசட்,
எந்த டேப்பிலும் அது ஓடாது.
டிவியில் அவள் பாட ஆரம்பித்து
பக்கத்துக்காரர் பதில் சொல்லும் இடத்தில்
தகடு சிக்கிக்கொண்டது.
ஆமா. ஆமா. ஆமா. ஆமா.

கணவர் கேடயங்களைப் படம் எடுத்தார்.
மாடியில் யாரோ நெத்திலி பொரிக்கிறார்கள்.
நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மூக்கால்.

அப்போது யாழி, "அம்மா, ஒண்ணுக்கு" என்றாள்.
மியூசியத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை.
சுயம்பு மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.
"சரி, அத்தைக்க குளிமுறிக்கு விடுங்க பிள்ளைய."
கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நம்பர்கள் இல்லை.
நீல பிளாஸ்டிக் வாளி.
நுனி தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்த ஈர்க்குமாறு.
பேசினுக்கு மேலே கண்ணாடி,
கண்ணாடி நிறைய ஸ்டிக்கர் பொட்டு.
மெரூன், அரக்கு, எந்தப் புடவைக்கோ ஒரு பச்சை.
விடிகாலை வந்து முகம் கழுவுமுன்
நாளைக்கு ஆகும் என்று எடுத்து ஒட்டியவை.
என் கண்ணாடியிலும் ஒரு பத்துப் பதினொன்று இருக்கும்.
இங்கே எழுபதில் எண்ணுவதை விட்டேன்.
மிச்ச இடத்தில், கிடைத்த அளவுக்கு, என் முகம்.

யாழி உட்கார்ந்தபடியே "ஓ" என்றாள்.
நாலு சுவரும் அதை வாங்கி
கொஞ்சம் கனமாக்கித் திருப்பித் தந்தன.
அவளுக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு ஓ.
கதவுக்கு வெளியே சுயம்பு செருமினார்:
"அத்தையும் இஞ்சதான் பாடிப் பாப்பாவ.
மேடையில கேட்டவன் கேட்டான்.
நான் கேட்டது பூராவும் இந்த வாசல்ல,
தோள்ல துண்டோட,
ஈ.பி. ஆபீசுக்கு நேரமாச்சேன்னு நின்னுக்கிட்டு."
பிறகு, யாரையும் பார்க்காமல்,
"ஒருநாளும் கதவத் தட்டுனதில்ல பாத்துக்கிடுங்க."

வருகைப் பதிவேட்டில் கணவர்
'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினார்.
அதற்குமேல் இருந்தவரும் அதையேதான் எழுதியிருந்தார்.

ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன்,
யாழியின் உள்ளங்கையில் ஒரு மெரூன் பொட்டு.
திட்டியிருக்க வேண்டும்.
வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.
"எல்லாம் பாத்தாச்சா?" என்றார் ஜெபமணி.
ஆமா, என்றேன்.
அழுத்திப் பார்த்தேன்.
பசை இன்னும் இருந்தது.